வேலைக்கான சூழ்நிலைத் தேர்வு: முதல்முறை எழுதுபவர்களுக்கு

விண்ணப்பம் போட்ட சில நாட்களில் 'சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட் டெஸ்ட்' எழுதச் சொல்லி மெயில் வரலாம். வேலையிடத்தில் வரக்கூடிய ஒரு சிக்கலைச் சொல்லி, நான்கைந்து வழிகளைக் கொடுத்து, எது நல்லது என்று கேட்பார்கள். 'இதற்கு என்ன படிப்பது?' என்று பலர் தயாராகாமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல வாய்ப்பு அப்படிக் கைவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1. கேட்கும் விதத்தைப் பாருங்கள்

சிறந்ததையும் மோசமானதையும் மட்டும் குறிக்கச் சொல்கிறார்களா? வரிசைப்படுத்தவா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பிடவா? தனித்தனி மதிப்பீடு என்றால் இரண்டு வழிகளுக்கு ஒரே மதிப்பைக் கொடுக்கலாம். இது தெரியாமல் அதையும் வரிசை போலவே நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு.

2. உங்கள் பொறுப்பு எதுவரை என்று பாருங்கள்

ஓர் உதாரணம். வாடிக்கையாளருக்கு ஒரு மணி நேரத்தில் அறிக்கை போக வேண்டும். சக ஊழியர் தயாரித்த பகுதியில் ஒரு எண் தவறாகத் தெரிகிறது. மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார்.

அ) நேரமாகிவிட்டது, அப்படியே அனுப்புவது.
ஆ) சரியென்று தோன்றும் எண்ணை நீங்களே போட்டு அனுப்புவது.
இ) சக ஊழியரை உடனே அழைத்துச் சரிபார்த்து, மேலாளருக்கும் ஒரு வரி தகவல் அனுப்புவது.
ஈ) மீட்டிங் முடியும்வரை காத்திருந்து, சக ஊழியரைப் பற்றிப் புகார் சொல்வது.

'இ' சிறந்தது என்பது எளிதாகவே தெரியும். மோசமானது எது என்பதில்தான் யோசிக்க வேண்டும். ஈ-யில் நேரம் தவறுகிறது, உறவும் கெடுகிறது. ஆனால் தவறான தகவல் வெளியே போகவில்லை. 'ஆ' சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் அது ஊகம். அடுத்தவர் வேலையில் அவருக்குத் தெரியாமல் கைவைப்பதும்கூட. 'அ' தெரிந்தே தவறை அனுப்புகிறது. என் கணிப்பில் அ-தான் கடைசி. ஆ-வைக் கடைசியில் வைப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. எந்த வழியால் யாருக்கு என்ன பாதிப்பு என்று இப்படி ஒவ்வொன்றாக எடைபோடுவதுதான் முக்கியமான பயிற்சி.

3. சொல்லாததைச் சேர்க்காதீர்கள்

'அந்த ஊழியர் எப்போதுமே இப்படித்தான் போல' என்று நீங்களாகக் கதை கட்டினால் விடை மாறிவிடும். கேள்வியில் இருப்பது மட்டுமே கணக்கு.

4. நடுவில் உள்ளவற்றில் நேரத்தைக் கரைக்காதீர்கள்

வரிசைப்படுத்தும் கேள்வியில் முதலில் இரு முனைகளையும் முடிவு செய்யுங்கள். அந்தத் துறையில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை வைத்தே பெரும்பாலும் மதிப்பெண் போடுகிறார்கள். அவர்கள் வரிசைக்கு நெருங்கி வந்தாலே ஓரளவு மதிப்பெண் தரும் தேர்வுகளும் உண்டு.

5. வேலை விளம்பரத்தை மறுபடி படியுங்கள்

பாதுகாப்பு, வாடிக்கையாளர் சேவை, குழுவாக வேலை செய்வது, இதில் எதை அழுத்திச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் மாதிரித் தேர்வு கிடைத்தால் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு விடைக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத வராத இடங்களைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.