ஆல்டர்னேட்டரை மாற்றியும் சார்ஜ் ஏறவில்லை: என் அனுபவம்

என் பழைய காரின் 34 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது) போய்விட்டது. ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்து ஓடும்போது அது எப்போதுமே திணறும் என்பதால் இந்த முறை 45 ஆம்பியர் எடுத்தேன். போல்ட் துளைகள், புல்லியின் நேர்கோடு எல்லாம் அளந்துதான் வாங்கினேன்.

மாட்டி ஸ்டார்ட் செய்தால் பேட்டரியில் 12.3 வோல்ட். ஐடிலில் எவ்வளவு நேரம் விட்டாலும் ஏறவில்லை. ஆக்சிலரேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்தால் சட்டென்று 14.2க்குத் தாவும், அப்புறம் இன்ஜினை அணைக்கும் வரை ஒழுங்காக இருக்கும்.

பெல்ட்டை இறுக்கினேன். எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டினேன். ஆல்டர்னேட்டரையே மாற்றி வேறொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. நான்கு நாள் இதிலேயே போனது.

கடைசியில் கண்ணில் பட்டது டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் விளக்கு. முன்பு ஒருமுறை மீட்டர் பல்புகளை எல்லாம் எல்இடியாக மாற்றியிருந்தேன், இதையும் சேர்த்து. இந்த வகை ஆல்டர்னேட்டரில் அந்த விளக்கு வெறும் எச்சரிக்கை அல்ல. ரோட்டரை, அதாவது ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் பகுதியை, காந்தமாக்கும் முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் இழை பல்பு கிட்டத்தட்ட 0.18 ஆம்பியர் விடும்; எல்இடி சில மில்லிஆம்பியரோடு நின்றுவிடும். வேகம் கூடும்போது ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தமே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பழைய 2.2 வாட் பல்பைத் திரும்பப் போட்டேன். ஐடிலிலேயே 14 வோல்ட். அப்பாடா! கையோடு, கூடுதல் ஆம்பியருக்கு ஏற்ற தடிமனான சார்ஜ் ஒயரும் இழுத்துவிட்டேன்.