ரயிலிலும் மாமல்லபுரத்திலும் கிளிப் வேட்டை: குடும்பத்தோடு ஒற்றர் விளையாட்டு ஆடும் முறை

மதுரையிலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குச் சென்று, மறுநாள் மாமல்லபுரம் பார்த்துத் திரும்பிய பயணத்தில், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காத இரண்டு பிள்ளைகளுக்காக நான் தொடங்கிய விளையாட்டு இது. நான், மனைவி, மகன், அண்ணன், அண்ணன் மகள், அத்தை என ஆறு பேர் சென்றோம். ரயிலில் ஆடிய முதல் ஆட்டம் அரை மணி நேரத்தில் குழம்பி நின்றுவிட்டது. சீட்டுப் பிரிக்கும் முறையை மட்டும் மாற்றிய பிறகு, அதே விளையாட்டு மறுநாள் மாலைவரை ஓடியது. அந்த மாற்றத்தைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன், மற்றவை எளியவை.

ஒவ்வொருவருக்கும் ஒருவர் இலக்கு. இலக்கானவர் அறியாமல் அவருடைய பை வார், தொப்பி, துண்டு, துப்பட்டா முனை ஆகியவற்றுள் ஒன்றில் துணி கிளிப் ஒன்றை மாட்டிவிட்டு, மனத்துக்குள் முப்பது எண்ண வேண்டும். அதற்குள் அவர் கண்டுபிடித்துவிட்டால் கிளிப் அவருக்குச் சொந்தம். மாட்டியவர் அரை மணி நேரம் அவரை அணுகக் கூடாது. கண்டுபிடிக்காவிட்டால் அவர் ஆட்டத்திலிருந்து விலகித் தம் சீட்டை மாட்டியவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சீட்டில் இருக்கும் பெயரே மாட்டியவருடைய அடுத்த இலக்கு.

கிளிப்பைப் பொறுத்தவரை எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடைகளில் டஜன் கணக்கில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிளிப் விரிக்கும்போதே ‘டிக்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். அலுவலகங்களில் காகிதம் கோக்கும் கறுப்பு பைண்டர் கிளிப்பைப் பிள்ளைகளின் விரல்களால் விரிக்க முடியாது. பட்டுத் துணியில் தடமும் பதியும். ஸ்டிக்கர் வியர்வையில் உதிர்ந்துவிடும். புகைப்படங்களைக் கயிற்றில் தொங்கவிடப் பயன்படும் விரலளவு மரக் கிளிப்தான் சரியானது: ஓசையில்லை, கனமில்லை, உள்ளங்கையில் மறையும். ஆளுக்கு இரண்டு போதும். கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகளைத் திரையிலிருந்து மீட்கத் தொடங்கிய விளையாட்டுக்குத் திரை எதற்கு?

இனி, என்னை இடறிவிட்ட இடம். முதலில் வழக்கம்போல ஆறு பெயர்களை எழுதி, சுருட்டிக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாக எடுத்தோம். மகனுக்கு அவன் பெயரே வந்தது. மீண்டும் குலுக்கினோம்; இம்முறை யாருக்கும் தம் பெயர் வரவில்லை என்று மகிழ்ந்து தொடங்கினோம். ஆனால் எங்களுக்குத் தெரியாமலே ஆட்டம் மூவர் மூவராக இரண்டு வளையங்களாகப் பிரிந்திருந்தது. அண்ணன், அண்ணன் மகள், மனைவி ஆகியோர் தங்களுக்குள் சுற்றிவந்தார்கள். நாங்கள் மூவர் எங்களுக்குள் சுற்றிவந்தோம். இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் மிஞ்சினார்கள். இருவர் கையிலும் அவரவர் பெயரே இலக்காக வந்து நின்றது.

இதைத் தவிர்க்க, சீட்டில் பெயருக்குப் பதிலாக எண்ணை எழுத வேண்டும். ஆறு பேருக்கு ஆறு நீளமான சீட்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் சீட்டின் மேல்பாதியில் ‘நீங்கள் 1’ என்றும் கீழ்ப்பாதியில் ‘இலக்கு 1’ என்றும் எழுதுங்கள். இரண்டாம் சீட்டில் இரண்டு இடத்திலும் 2. இவ்வாறே 6 வரை. பின்பு ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் மேல் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இந்தப் புள்ளி அற்பமாகத் தோன்றினாலும் இதை விட்டுவிடாதீர்கள்; நான் விட்டதால் ஒரு சீட்டு தலைகீழாகிவிட்டது, அத்தை கையில் இரண்டு ‘இலக்கு’ இருந்ததே தவிர ‘நீங்கள்’ இல்லை.

எழுத்து கீழே இருக்குமாறு சீட்டுகளைக் கலைத்து, புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்க வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் குறுக்காக வெட்டுங்கள். மேல்பாதிகளைத் தொடாமல், கீழ்ப்பாதிகளை மட்டும் ஓர் இடம் வலப்பக்கம் நகர்த்தி, கடைசியில் வெளியே நிற்கும் கீழ்ப்பாதியை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது நேரெதிராக நிற்கும் பாதிகளைத் திருப்பிப் பார்க்காமலே ஸ்டேப்ளரால் இணைத்து, மீண்டும் கலைத்து, ஆளுக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். பிறகு 1 முதல் 6 வரை எழுதிய பொதுத் தாள் ஒன்றில், ஒவ்வொருவரும் தம் எண்ணுக்கு நேரே பெயரை எழுத வேண்டும். உங்கள் இலக்கு 4 என்றால், 4க்கு நேரே யார் என்று அந்தத் தாளில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் ஓர் இடமே நகர்ந்திருப்பதால், வரிசையில் முதலாமவரிடமிருந்து தொடங்கிச் சங்கிலியைப் பின்பற்றினால் ஆறு பேரையும் தொட்ட பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்ப முடியும். ஆகவே தன் பெயர் தனக்கே வராது, வளையம் இரண்டாக உடையாது. சீட்டுப் போட்டவருக்கும் ரகசியம் தெரியாது என்பதால் அவரும் ஆடலாம். உங்கள் எண்ணே இலக்காக எழுதிய சீட்டு உங்கள் கைக்கு வந்தால், நீங்களே கடைசியாக மிஞ்சியவர், வென்றவர்.

விளையாடக் கூடாத இடங்களைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். நடைமேடை, மேம்பாலப் படிக்கட்டு, ரயில் பெட்டியின் கதவோரம், கழிவறை, வாகனங்கள் செல்லும் சாலை, கடலலை ஆகியவற்றில் ஆட்டம் கிடையாது. தூங்குபவர் மீது மாட்டக் கூடாது. முன்பொரு பயணத்தில், ரகசியப் பொதி என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய பெட்டியொன்றை ஒரு ரயில் நிலையத்தின் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு நாங்கள் தள்ளி நின்றோம். காவலர் ஒருவர் வந்து விசாரித்தபோது, ஐம்பதைக் கடந்த அண்ணன், ‘சும்மா விளையாட்டுக்கு சார்’ என்று விளக்க நேர்ந்தது. பொது இடத்தில் எந்தப் பொருளையும் ஆளில்லாமல் வைக்காதீர்கள்.

ஸ்லீப்பர் பெட்டியில் ஒரு பகுதிக்கு எட்டுப் படுக்கைகள் என்பதால், பக்கவாட்டில் இருக்கும் இருவர் பெரும்பாலும் அயலாராக இருப்பார்கள். அவர்களிடம் விளையாட்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் சொல்லவில்லை. அண்ணன் மகள் மூச்சை அடக்கிக்கொண்டு என் பையருகே குனிந்த நேரத்தில், ‘சார், அந்தப் பொண்ணு உங்க பையில என்னமோ பண்ணுது’ என்று பக்கவாட்டுப் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுக்கும் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்துக்கும் இடைப்பட்ட குன்றுப் பகுதியை மட்டும் எல்லையாக வைத்துக்கொண்டோம். ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் போகச் சாலையைக் கடக்க வேண்டும் என்பதால் அவை விலக்கு. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் இடமாதலால், பாறை இடுக்குகளில் சீட்டு ஒளிப்பதும் சிற்பங்களின் மீது ஏறுவதும் கூடாது. அருச்சுனன் தபசுப் பாறையில், முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, தவசியைப் போல நிற்கும் ஒரு பூனையும், அதன் காலடியில் எலிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பூனையை மகனுக்கு நான் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தபோது, அத்தை இடக்கையால் முறுக்கு டப்பாவை என்னிடம் நீட்டினார். நான் முறுக்கை எடுத்துக் கடித்து, இன்னொன்றுக்குக் கைநீட்டும்போது, ‘முப்பது எண்ணியாச்சுப்பா’ என்றார். வலக்கையால் அவர் மாட்டிய கிளிப் என் தோள்துண்டின் பின்முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்களை ஆட்டத்தில் சேர்க்கத் தயங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘முப்பது எண்ணும் முன்பே பார்த்துவிட்டேன்’ என்ற சண்டை கட்டாயம் வரும். ஒற்றாடல் அதிகாரத்தில், ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்று 589ஆம் குறள் சொல்வதையே நாங்கள் விதியாக்கிக்கொண்டோம். அருகில் இருந்த மூவரைத் தனித்தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். மூவரும் ஒன்றையே சொன்னால் அதுவே தீர்ப்பு, இல்லையென்றால் அந்த முயற்சி செல்லாது.

பின்சேர்க்கை: மூன்று பேர் ஆடினால் சுவையில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்; அவர் சொல்வது சரி. மூவர் வளையத்தில் என் இலக்கு யாரென்று தெரிந்தவுடனே, மற்றவர்தான் என்னைத் தேடி வருகிறார் என்பதும் தெரிந்துவிடும். மூவர் மட்டும் இருந்தால் சீட்டே வேண்டாம். ஆளுக்கொரு நிறத்தில் மூன்று கிளிப்புகள் கொடுத்து, யாரும் யார் மீதும் மாட்டலாம் என்று விட்டுவிடுங்கள். மாலைக்குள் தம் கிளிப்புகளை முதலில் தீர்த்தவர் வென்றவர். நால்வர் என்றால் வேட்டையாடுபவர் மற்ற இருவரில் யாராகவும் இருக்கலாம். எனவே சீட்டு முறையை அங்கிருந்து பயன்படுத்தலாம்.

இன்னொருவர், ஊர் திரும்பும்வரை ஆட்டம் முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முடியும் நேரத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அதிகச் சீட்டுகள் வைத்திருப்பவர் வென்றவர். எங்கள் ஆட்டம் திரும்பும் ரயிலில் ஏறும்வரை என்று குறித்திருந்தோம். அத்தையிடம் நான்கு சீட்டுகள் இருந்தன.