குழந்தைக்குச் சதுரங்கக் கணினி: தோற்கத் தெரிந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காய்களின் நடையைக் கற்ற சில வாரங்களிலேயே ஐந்தாறு வயதுக் குழந்தை "இன்னும் ஓர் ஆட்டம்" என்று கேட்கத் தொடங்கிவிடும். எல்லா மாலைகளிலும் உடன் அமர்ந்து ஆடப் பெரியவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை என்பதால், பலகையும் காய்களும் கொண்ட ஒரு சதுரங்கக் கணினியை வாங்கலாம் என்ற எண்ணம் வீட்டில் எழுகிறது. அப்போது பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எலோ புள்ளியை, அதாவது ஆட்டத் திறனை அளக்கும் எண்ணைத்தான். குழந்தைக்கு வாங்கும்போது அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. 1997-இல் டீப் புளூ கணினி அன்றைய உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்று சாதாரணக் கைப்பேசியில் ஓடும் நிரலே உலகச் சாம்பியனை வென்றுவிடும். ஆகவே நாம் விசாரிக்க வேண்டியது, அந்தக் கணினியின் மிகத் தாழ்ந்த நிலை எது, அந்த நிலையில் அது எப்படித் தோற்கிறது என்பதைத்தான்.

புகழ்பெற்ற ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலில் ஆட்டத்தின் பலத்தை எலோ புள்ளிக் கணக்கில் குறைக்கும் வசதி உண்டு. ஆனால் அந்த அளவுகோலே 1320-இல்தான் தொடங்குகிறது. சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 2024 முதல் வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பீடு 1400 என்பதை நினைத்துப் பார்த்தால், 1320 என்பது நேற்றுத்தான் குதிரையை நகர்த்தக் கற்ற பிள்ளைக்கு எவ்வளவு உயரம் என்பது விளங்கும். "தொடக்க நிலை" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், அதற்கும் கீழே நிலைகள் உள்ளனவா என்று கேளுங்கள்.

தாழ்ந்த நிலை இருந்தால் மட்டும் போதாது. அங்கே கணினி எந்த விதத்தில் பலவீனமாக ஆடுகிறது என்பதும் முக்கியம். சில இயந்திரங்கள் ஓரிரண்டு நகர்வுகளுக்கு மேல் முன்னோக்கிப் பார்க்காதபடி கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அவை நீண்ட திட்டங்களைக் கோட்டைவிட்டாலும், காவல் இல்லாமல் நிற்கும் காயை ஒருபோதும் விட்டுவைப்பதில்லை; சிறு குழந்தையோ பெரும்பாலும் அப்படித்தான் காய்களை இழக்கும் என்பதால், ஒவ்வோர் ஆட்டமும் தண்டனையாகிவிடுகிறது. வேறு சில, பத்து நகர்வுகள் தேர்ந்த ஆட்டக்காரரைப் போல ஆடிவிட்டு, திடீரென்று ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். இவற்றோடு ஆடும் குழந்தை, யோசிப்பதைவிட அந்தப் பரிசுக்காகக் காத்திருப்பதையே பழகிக்கொள்கிறது. டிஜிடி சென்டார் போல, எதிரில் ஆடுபவரின் திறனுக்கு ஏற்பத் தன் ஆட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவிகளும் உள்ளன. எதுவானாலும், வாங்கும்முன் தாழ்ந்த நிலையில் இரண்டு ஆட்டம் நீங்களே ஆடிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே ஒரு குதிரையைக் காவலின்றி விட்டுவையுங்கள். அடுத்ததில் ஒழுங்காக ஆடி, அது செய்யும் பிழை மனிதப் பிழை போல இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்தது பலகை. மலிவான கருவிகளில் கட்டங்களுக்கு அடியில் அழுத்தத்தை உணரும் தகடு இருக்கும். புறப்படும் கட்டத்தில் காயை ஒருமுறை அழுத்தி, சேரும் கட்டத்தில் மறுமுறை அழுத்த வேண்டும். ஒரு சிறுமி இதில் ஆடியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சிப்பாயை எடுத்து மெல்ல வைத்தாள். அழுத்தம் போதாததால் கருவி அதை நகர்வாக ஏற்கவில்லை. அவள் கணினியின் பதிலுக்குக் காத்திருந்தாள், கணினி அவளுக்குக் காத்திருந்தது. பின்பு குதிரையைத் தொட்டாள். எச்சரிக்கை ஒலி எழுந்தது. தான் ஏதோ விதியை மீறிவிட்டதாகவே அவள் நினைத்துக்கொண்டாள், கண் கலங்கியது. காயைத் தூக்கி வைத்தாலே உணர்ந்துகொள்ளும் பலகை விலை கூடுதல் என்றாலும், என் கருத்தில் அந்தக் கூடுதல் பணத்திற்கு முழுத் தகுதி உடையது. கணினியின் நகர்வைக் காட்ட ஓரத்தில் மட்டும் விளக்குகள் உள்ள பலகையைவிட, கட்டத்திலேயே விளக்கு எரியும் பலகை சிறு குழந்தைக்கு எளிது. போட்டிப் பலகைகளில் ஒரு கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கும், அந்த அளவு கட்டாயமில்லை, ஆனால் ஒரு காயை எடுக்கும்போது பக்கத்துக் காய் சாயும் அளவுக்கு நெருக்கமான பலகை வேண்டாம்.

விரும்பிய நிலையில் காய்களை அடுக்கி ஆட்டத்தைத் தொடங்கும் வசதி இல்லாத கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கற்றல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. இரு பக்கமும் ராஜாவும் எட்டுச் சிப்பாய்களும் மட்டும் வைத்து ஆடவிட்டால், குழந்தை எண்ணிப் பார்க்கக் கற்கிறது. பிறகு தனித்த ராஜாவுக்கு எதிராக ஒரு ராஜாவையும் ராணியையும் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். முதல் சில முறை செக்மேட்டுக்குப் பதில், ராஜாவுக்குச் செக் இல்லாமலே நகர வழியின்றி ஆட்டம் சமனாகும் ஸ்டேல்மேட்டில்தான் முடியும். இரண்டையும் கருவி தெளிவாக வேறுபடுத்திக் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நகர்வைத் திரும்பப் பெறும் பொத்தான், குறிப்புக் காட்டும் பொத்தான், அணைத்தாலும் ஆட்டத்தை நினைவில் வைத்திருக்கும் வசதி, ஒலியை நிறுத்தும் வழி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாயை ராணியாக மட்டும் மாற்றாமல் வேறு காயாகவும் மாற்ற அனுமதிக்க வேண்டும்.

வீட்டில் தவழும் வயதுக் குழந்தை இருந்தால் காந்தம் பதித்த சிறு காய்களையும் பட்டன் பேட்டரிகளையும் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரும் ஆபத்தை உண்டாக்கும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருப்பது நல்லது.

வாங்கிய பிறகு முதல் மாதம் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம். குழந்தை ஐந்து ஆட்டங்களில் இரண்டு, மூன்றில் வெல்லும் நிலையிலேயே கருவியை வைத்திருங்கள். நான்கில் வென்றால் ஒரு நிலை உயர்த்துங்கள், தொடர்ந்து தோற்றால் தயங்காமல் இறக்குங்கள். கணினி நகர்த்தியதும், "இந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது?" என்று கேளுங்கள். கருவி அந்தக் கேள்வியைத் தானாகக் கேட்பதில்லை. குழந்தை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத் தொடங்கும்வரை அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.