கார் பேட்டரிக்கு வயதாகும்போது வரும் எலக்ட்ரிக்கல் கோளாறுகள்: கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் செல்ஃப் அடித்தால் ஒரு முக்கு முக்கிவிட்டு எடுக்கிறது. கடிகாரம் 12:00-க்குப் போயிருக்கிறது. ஏபிஎஸ் லைட்டும் ஸ்டியரிங் லைட்டும் சேர்ந்து எரிந்து, பத்து நிமிடம் ஓட்டியதும் தானாக அணைகின்றன. மியூசிக் சிஸ்டம் ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் அணைந்து மறுபடி வருகிறது. டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே தட்டில் மேலே ஏறுவதை நிறுத்திவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இத்தனை கோளாறுகள் ஒரே வாரத்தில் வந்தால், ஐந்து பாகங்கள் ஒன்றாகக் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பேட்டரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டதும் ஏபிஎஸ் சென்சார், ஸ்டியரிங் மோட்டார் என்று வரிசையாகக் கோளாறு எண்கள் (கோடு) வரும். அதை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, கடைசியில் பேட்டரி மாற்றியதும் எல்லாம் சரியாகும் கொடுமை ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி நடக்கிறது. கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். சில நூறு ரூபாய் மீட்டரே போதும்.

ஏன் இப்படி ஆகிறது? பேட்டரிக்கு வயதாகும்போது தகடுகளில் லெட் சல்பேட் கெட்டியாகப் படிகிறது, உள்ளே இருக்கும் ஈயக் கிரிட் அரிக்கிறது. இதனால் பேட்டரியின் உள் தடை ஏறுகிறது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் தடை 10 மில்லி ஓம் இருக்கும் நல்ல பேட்டரியில் 1.5 வோல்ட் இறங்கும், 12.6-இலிருந்து 11.1-க்கு வரும். அதே பேட்டரி பழசாகித் தடை 25 மில்லி ஓம் ஆனால் 3.75 வோல்ட் இறங்கி, 9-க்குக் கீழே போய்விடும். அந்த வோல்டேஜில் காரிலுள்ள கண்ட்ரோல் யூனிட்டுகள் சில ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகின்றன. ஒன்று அணைந்த நேரத்தில் மற்றது அதைத் தேடி, கிடைக்காமல், கோளாறு என்று பதிவு செய்கிறது. சென்சாரில் ஒரு குறையும் இருக்காது.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள்: சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிறது என்பதற்காகப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அது சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். லோடு கொடுக்கும்போது தாங்குமா என்பதைச் சொல்லாது.

முதலில் நிற்கும் நிலையில்

வண்டி ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளப்பது நல்லது. அவசரமென்றால் ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, இன்னும் சில நிமிடம் பொறுத்து அளக்கலாம். மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 10.5-ஐ ஒட்டிக் காட்டினால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தருவது. அப்படியானால் சார்ஜ் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

12.4-க்குக் கீழே இருந்தால் அடுத்த சோதனைக்கு முன் முழு சார்ஜ் ஏற்றியாக வேண்டும். சார்ஜ் இறங்கிய நல்ல பேட்டரியும், செல்ஃப் போன்ற லோடு கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டில் தோற்கும். சிறிய கார்களின் 35 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், கொள்ளளவின் அளவு) பேட்டரிக்கு 3.5 முதல் 4 ஆம்பியர் சார்ஜரில், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து 10–12 மணி நேரம் கூட ஆகலாம். கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் பத்து நிமிட ஓட்டத்தில் அது நிரம்பாது.

பேட்டரி மேலே இருக்கும் பச்சைக் கண்ணை நம்ப வேண்டாம். அது ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் காட்டுகிறது. மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் ஆசிட்டின் ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் போட்டு ஆறு செல்லையும் பாருங்கள். செல்லுக்கு செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைவாகக் காட்டும் செல் போய்விட்டது. ஆசிட் கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி அணியுங்கள், மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

செல்ஃப் அடிக்கும்போது

இதுதான் முக்கியமான சோதனை. மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழ்களிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் இருந்தால் நல்லது. சாதாரண மீட்டர் அந்த முதல் நொடி இறக்கத்தைத் தவறவிட்டுவிடும். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 10-க்கு மேல் நின்றால் கவலை இல்லை. முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி முடியும் தறுவாயில் இருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதும் முன் டெர்மினலைப் பாருங்கள். சிவப்பு முனையை ஈயக் குமிழின் நடுவில் குத்துங்கள், கருப்பு முனையை அதே குமிழைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இருக்காது. இப்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். 0.5 வோல்ட் காட்டினால், அந்த மெல்லிய இடைவெளியில், கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தில், அரை வோல்ட் தொலைகிறது. புதுப் பேட்டரி போட்டாலும் அதே கோளாறு தொடரும். வெளியே வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருப்பதைத் துடைத்தால் மட்டும் போதாது. கிளாம்பைக் கழற்றி உள்பக்கம் தேய்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது கடைசியில் நெகடிவ். மாற்றிச் செய்தால் பாசிடிவைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, சுத்தத் தண்ணீர் விட்டுக் காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள்.

எர்த் ஒயரையும் விடாதீர்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகடிவ் குமிழில், மறுமுனை இன்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப் துருப்பிடித்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. ஹெட்லைட் போட்டால் டேஷ்போர்டு மீட்டர் முள் ஆடுவது, ஹார்ன் அடித்தால் டிஸ்ப்ளே மினுங்குவது எல்லாம் பல நேரம் எர்த் கோளாறுதான். பழி பேட்டரி மேல் விழும்.

மீட்டரே இல்லாத நேரத்துக்கு ஒரு வழி: உள் லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். "டிக் டிக் டிக்" என்று அடித்து லைட் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு "டக்" கேட்டு, லைட் பளிச்சென்று அப்படியே எரிந்தால் பெரும்பாலும் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.

சார்ஜிங்

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஏசி, ஹெட்லைட், வைப்பர் மூன்றையும் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்பிஎம்-இல் பாருங்கள். 13.2-க்கு மேல் நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ), பெல்ட், அதன் ஒயர் மூன்றையும் சோதியுங்கள். 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கோளாறாக இருக்கலாம். அது புதுப் பேட்டரியையும் வேகவைத்துவிடும். சிக்னலில் தானே அணைந்து எடுக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால், சில நேரம் 12.5-ஐ ஒட்டிக்கூடக் காட்டும். ஹெட்லைட் போட்டதும் ஏறினால் பயப்பட வேண்டாம்.

ஆல்டர்னேட்டர் டையோடு போனாலும் எலக்ட்ரானிக்ஸ் குழம்பும். மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்டுக்கு மாற்றி, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய அளந்தால் 0.5-க்குள் இருக்க வேண்டும். மலிவான சில மீட்டர்கள் டிசி-யையே ஏசி என்று எண்ணி 30 வோல்ட் வரை காட்டும். அந்த மீட்டரில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றி "டைனமோ டெஸ்ட்" செய்யும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. செய்யவே விடாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி கண்ட்ரோல் யூனிட்டுகளைச் சுட்டுவிடும்.

பார்க்கிங்கில் மட்டும் ஸ்டியரிங் கனத்து, லைட் எரிந்து, ரோட்டில் ஏறியதும் சரியாகிறதா? நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப எலக்ட்ரிக் ஸ்டியரிங் பல பத்து ஆம்பியர் கேட்கும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் அதைத் தனியாகக் கொடுக்க முடியாமல் பேட்டரியைத்தான் நம்பியிருக்கிறது. ஐப்பசி மழையில், வைப்பரும் ஏசியும் லைட்டும் ஓடும் நெரிசலில், இந்தக் கோளாறு முதலில் தலைகாட்டும்.

இரவில் சார்ஜ் இறங்கினால்

பேட்டரி லோடு டெஸ்டில் தேறியும் இரண்டு நாள் நின்றால் படுத்துவிடுகிறது என்றால், எங்கோ கரண்ட் கசிகிறது. மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, நெகடிவ் ஒயருக்கும் குமிழுக்கும் நடுவே தொடராக இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கக் கூடாது, இக்னிஷன் போடவும் கூடாது. மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். கார் முழுதாகத் தூங்க 30–40 நிமிடம் பொறுங்கள். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அந்த 50 மில்லி ஆம்பியர்கூட நாளுக்கு 1.2 ஏ.எச். குடிக்கும், கொள்ளளவு பாதியாகக் குறைந்த 35 ஏ.எச். பேட்டரி ஒரு வாரம் நின்றாலே திணறும்.

அதிகமாக இருந்தால் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். மறுபடி சொருகும்போது யூனிட்டுகள் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட் அளந்தால் போதும். கரண்ட் ஓடும் ஃப்யூஸ் மட்டுமே அளவு காட்டும். வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

ஸ்கேனர் கோடுகளை இப்போது பாருங்கள். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. அதோடு யு என்று தொடங்கும் தகவல்தொடர்புக் கோடுகள் கூட்டமாக வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அந்தக் குறைவுதான். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, முழு சார்ஜ் ஏற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். திரும்பி வரும் கோடு எதுவோ அதற்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

மாற்றும்போது

நம் வெயிலில் பேட்டரி வேகமாகவே வயதாகிறது. மூன்று வருடம் தாண்டியதை வருடம் ஒருமுறை லோடு டெஸ்ட் செய்வது நல்லது. புதுசு வாங்கும்போது பழையதன் எண்ணை அப்படியே படியுங்கள். 38பி20எல் என்பதில் 20 என்பது செ.மீ.-இல் நீளம், கடைசி எழுத்து டெர்மினல் இருக்கும் பக்கம். அது மாறினால் ஒயர் எட்டாது. ஸ்டார்ட்-ஸ்டாப் காருக்கு அதற்கென்ற இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகையையே போடுங்கள். சாதாரணப் பேட்டரி அந்த உழைப்பைத் தாங்காது. நெகடிவ் கிளாம்பில் சென்சார் பெட்டி இருந்தால் சார்ஜரின் கருப்புக் கிளிப்பைக் குமிழில் மாட்டாமல் பாடி இரும்பில் மாட்டுங்கள். சில ஐரோப்பிய கார்களில் புதுப் பேட்டரியை ஸ்கேனரில் பதிவு செய்யவும் வேண்டும்.

மாட்டிய பின் கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிட்சை மேல்நோக்கிச் சில நொடி பிடித்தால் ஆட்டோ வசதி பல கார்களில் திரும்பும். ஸ்டியரிங் லைட் எரிந்தால் இடமும் வலமும் முழுதாக ஒருமுறை திருப்பி, கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் பெரும்பாலும் அணையும். அணையாவிட்டால் யூசர் மேனுவலில் உங்கள் காருக்குரிய முறை இருக்கும். மறுநாள் காலை, ஸ்டார்ட் பண்ணும் முன் ஒரு அளவும், செல்ஃப் அடிக்கும்போது ஒரு அளவும் எடுத்து, தேதியோடு வாரண்டி கார்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அந்த இரண்டு எண்கள் வேண்டும்.