காருக்குப் பின்னால் சைக்கிள் ரேக்: தூக்கி வைக்க எளிதானதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பத்து வயதுப் பிள்ளையைச் சைக்கிள் மிதிக்கவிட யாருக்கும் மனம் வராது. மணலி பக்கமும் அப்படித்தான். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி என்று வடசென்னையில் எங்கே குடியிருந்தாலும், குடும்பமாகச் சைக்கிள் ஓட்ட ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். பொன்னேரியைக் கடந்து பழவேற்காடு போகிற சாலையில் காலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள், பிள்ளைகள் திரும்பி வரவே மாட்டேன் என்பார்கள். அதுவரை சைக்கிள்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பிரச்சினை. அதற்குத்தான் காரின் பின்பக்க ஹிட்ச்சில் மாட்டுகிற ரேக்.

கடைக்குப் போனால் "எத்தனை சைக்கிள் ஏத்தணும் சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்கள் அதற்கு முன்பு வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிளைத் தூக்கி வைக்கப் போவது யார்? அந்த ஆளால் சிரமமில்லாமல் தூக்க முடிகிற ரேக்தான் உங்களுக்கான ரேக். மற்றதெல்லாம் இரண்டு முறை பயன்பட்டு, மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கும்.

படி 1: காரில் ஹிட்ச் இருக்கிறதா?

ஹிட்ச் என்பது காரின் சேஸியோடு போல்ட் போட்டு இறுக்குகிற இரும்புச் சட்டம். பின் பம்பருக்குக் கீழே அதன் வாய் தெரியும். அமெரிக்க வகையில் அது சதுரக் குழாய். ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம் என இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. ஐரோப்பிய வகையில் 50 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கான ரேக் மற்றொன்றில் உட்காராது. ஆகவே ரேக்கைப் பார்ப்பதற்கு முன் ஹிட்ச்சின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான குடும்பக் கார்களில் கம்பெனியிலிருந்தே ஹிட்ச் வராது. தனியாகத்தான் மாட்ட வேண்டும். உங்கள் கார் மாடலுக்கென்றே செய்த, சேஸியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் இறுக்குகிற ஹிட்ச்சையே வாங்குங்கள். "பம்பர்லயே வெல்டு வெச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பம்பர் எடை தாங்குவதற்காகச் செய்த பொருள் அல்ல.

மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. கார் வாரன்ட்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 2: எடைக் கணக்கு

குளியலறை எடைக் கருவி இருந்தால் போதும். முதலில் நீங்கள் மட்டும் ஏறி நில்லுங்கள், பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். வித்தியாசம்தான் சைக்கிளின் எடை. கியர் வைத்த எம்.டி.பி. (மவுன்டன் பைக்) ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். பழைய கறுப்பு ரோட்ஸ்டர் 20 கிலோவைத் தாண்டும். மின்சார சைக்கிள் 25 கிலோ வரைகூடப் போகும். அதன் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் இரண்டு மூன்று கிலோ குறையும்.

பெரியவர்களுக்கு இரண்டு 15 கிலோ சைக்கிள், பிள்ளைகளுக்கு 12 கிலோவும் 9 கிலோவும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 51 கிலோ. ரேக் 20 கிலோ என்றால் 71 கிலோ. இந்த 71ஐ ஹிட்ச்சின் தகட்டில் பொறித்திருக்கும் செங்குத்துச் சுமை அளவோடு ஒப்பிடுங்கள். இழுவைத் திறன் என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது டிரெய்லரை இழுப்பதற்கானது. இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது, கடைக்காரர்களே குழப்புவார்கள்.

வரம்பை ஒட்டி நிற்பதும் நல்லதல்ல. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டால் தெரியாத பாரம், கையை நீட்டிப் பிடித்தால் தோளை இழுக்குமே, அதே கணக்குதான் இங்கும். காரிலிருந்து தள்ளி நிற்கிற நான்காவது சைக்கிள், பம்பரை ஒட்டியிருக்கிற அதே எடையுள்ள முதல் சைக்கிளைவிட அதிகமாக ஹிட்ச்சை வளைக்கப் பார்க்கும். நம் பக்கத்துச் சாலைப் பள்ளங்களில் அந்த விசை இன்னும் கூடும். ஒன்றேகால் அங்குல ஹிட்ச் என்றால் இரண்டு சைக்கிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: தொங்கும் வகையா, தட்டு வகையா?

தொங்கும் வகையில் ஒரு தூணிலிருந்து இரண்டு கரங்கள் நீண்டிருக்கும். சைக்கிளின் மேல் பாரை அதில் மாட்ட வேண்டும். விலை குறைவு, ரேக்கின் எடையும் குறைவு. ஆனால் முழுச் சைக்கிளையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, இரண்டு கரங்களுக்கும் குறிபார்த்து இறக்க வேண்டும். லேடிஸ் சைக்கிளுக்கும் பிள்ளைகள் சைக்கிளுக்கும் மேல் பார் சரிந்தோ இல்லாமலோ இருப்பதால், தனியாக ஒரு குறுக்குப் பார் வாங்கி மாட்ட வேண்டும். ஓடும்போது சைக்கிள்கள் ஆடி ஒன்றையொன்று உரசும்.

தட்டு வகையில் சைக்கிளின் இரண்டு சக்கரங்களும் இரண்டு தட்டுகளில் நிற்கும். தட்டு பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய உயரத்தில்தான் இருக்கும். முன் சக்கரத்தை முதலில் வைத்துவிட்டு, சீட்டைப் பிடித்துப் பின் சக்கரத்தை ஏற்றலாம். ஒரே மூச்சில் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை. முதுகுவலி இருப்பவருக்கும் கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் இது கைவரும். மின்சார சைக்கிள் இருந்தால் சாய்தளப் பலகையோடு வரும் மாடலைப் பாருங்கள். சைக்கிளை உருட்டியே ஏற்றிவிடலாம். கூரை ரேக்கை யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: எர்டிகாவின் உயரமே 1.69 மீட்டர். அதற்கு மேலே 15 கிலோவைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

குடும்பத்துக்குத் தட்டு வகையைத்தான் நான் தயங்காமல் சொல்வேன். அதன் குறை ரேக்கின் சொந்த எடை. முதல் மாடியில் வீடு, கீழே பூட்டி வைக்க இடமில்லை என்றால், 20 கிலோ இரும்பை ஒவ்வொரு முறையும் படியேற்ற வேண்டும். மடித்து உருட்டிச் செல்லச் சக்கரம் வைத்த மாடல்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்தச் சக்கரம் மிக முக்கியம்.

படி 4: நம் சைக்கிளோடு பொருந்துகிறதா?

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் சைக்கிள்களுக்கு மட்கார்டு இருக்காது. நம்முடையவற்றுக்கு மட்கார்டு, கூடை, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் உண்டு. முன் சக்கரத்தின் மேல் ஒரு கொக்கியை இறக்கி அழுத்துகிற மாடலில், அந்தக் கொக்கி மட்கார்டின் மேல் உட்கார்ந்து அதை நெளித்துவிடும். மட்கார்டு வைத்த சைக்கிளுக்குப் பிரேமைப் பிடிக்கிற கிளாம்ப் உள்ள ரேக்தான் ஏற்றது. கார்பன் பிரேமுக்கு அந்தக் கிளாம்ப் ஆகாது.

சின்னப் பிள்ளைகளின் 16 அங்குலச் சக்கரம் பல தட்டுகளில் நிலையாக நிற்காது, குறைந்தபட்ச அளவைக் கேளுங்கள். பக்கச் சக்கரங்களைக் கழற்றிவிட வேண்டும்.

பிறகு நீளம். சைக்கிள் காருக்குக் குறுக்கே நிற்கும் என்பதால், அதன் நீளத்தைக் காரின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். எர்டிகாவின் அகலம் 1.735 மீட்டர், இன்னோவா கிரிஸ்டாவுடையது 1.83 மீட்டர். 29 அங்குலச் சக்கரம் வைத்த பெரிய எம்.டி.பி. 1.8 மீட்டரைத் தாண்டும். எர்டிகாவில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அனுமதித்த அளவுக்கு மேல் சுமை வெளியே நீண்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். பணத்தை விடுங்கள், பேசின் பிரிட்ஜ் நெரிசலில் இடப்பக்கமாக நுழைகிற இருசக்கர வாகனக்காரரின் கை அந்த டயரில் மாட்டினால் என்ன ஆகும்?

படி 5: நம்பர் பிளேட், விளக்கு, புகைக்குழாய்

பின் நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் சைக்கிள் ஏற்றிய பிறகும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடையிலேயே ஏற்றிப் பார்த்து, பின்னால் இருபதடி தள்ளி நின்று பாருங்கள். மறைகிறது என்றால் அந்த ரேக் வேண்டாம். வேறு நம்பர் பிளேட் எழுதி ரேக்கில் கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கு அப்படி நகல் அடித்துக்கொள்ள முடியாது.

புகைக்குழாய்க்கு நேராக சைக்கிள் டயர் வந்தால், சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். ரிவர்ஸ் சென்சாரும் ஓயாமல் கத்தும், அதை அணைத்துவைக்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: கடையில் சோதனை

ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று எங்கே வாங்கினாலும் உங்கள் சைக்கிள் ஒன்றையும், வீட்டில் தோள்வலு குறைந்தவரையும் அழைத்துப் போங்கள். கடைப் பையன் ஏற்றிக் காட்டினால் எல்லா ரேக்கும் எளிதாகத்தான் தெரியும். உங்கள் வீட்டு ஆள் தானாக ஏற்றி, இறக்கி, ரேக்கைச் சாய்த்து டிக்கியைத் திறந்து பார்க்கட்டும். சாய்க்கும் நெம்புகோல் காலால் மிதிக்கிற மாதிரி இருந்தால் நல்லது. சைக்கிள்களுக்கு அடியில் கைவிட்டுத் தேட வேண்டியதில்லை.

அடுத்து, ரேக்கின் முனையைப் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். கார் சேர்ந்து ஆட வேண்டும். ரேக் மட்டும் கடகடவென்று ஆடினால், ஹிட்ச்சுக்குள் அதை இறுக்குகிற அமைப்பு சரியில்லை.

படி 7: ஏற்றும் வரிசை

கனமான சைக்கிள் காரை ஒட்டி, இலேசானது வெளியே. ஒன்றின் ஹேண்டில்பார் இடப்பக்கம் என்றால் அடுத்தது வலப்பக்கம். பெடல் அடுத்த சைக்கிளின் கம்பிகளில் இடிக்காதபடி திருப்பி வையுங்கள். சக்கரப் பட்டைகளை இறுக்கிய பிறகு தொங்கும் நுனிகளைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். ஹிட்ச் பின்னும் (ரேக்கை ஹிட்ச்சோடு கோக்கிற குறுக்குக் கம்பி) அதன் பூட்டும் போட்டாயிற்றா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும், மீஞ்சூர் போவதற்கு முன்பே ஓரங்கட்டி எல்லாப் பட்டைகளையும் மறுபடி இறுக்குங்கள். முதல் பள்ளங்களில்தான் அவை தளரும். வேகத்தடைகளைச் சாய்வாக, மெதுவாகத் தாண்டுங்கள். கார் இறங்கும்போது ரேக்கின் அடி தரையைத் தட்டும்.

வீடு திரும்பியதும் ரேக்கைக் கழற்றிவிடுங்கள், ஹிட்ச்சின் நீட்டும் பகுதி கழலும் என்றால் அதையும். நம் தெருக்களில் ஆட்களும் வண்டிகளும் காரை உரசிக்கொண்டுதான் போகிறார்கள். முழங்கால் உயரத்து இரும்பு யார் காலையாவது பதம் பார்க்கும். காசிமேடு, எண்ணூர்க் கடற்காற்றில் உப்பு இருப்பதால் ரேக்கையும் ஹிட்ச் வாயையும் கழுவித் துடைத்து, ஹிட்ச் பின்னில் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். கழுவுவதற்கு மெட்ரோ வாட்டரையே எடுங்கள். கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரில் பல வீடுகளில் உப்பு கரிக்கிறது.