கரண்ட் கட்டிலும் ஓடும் டேப்லெட்: பழைய விண்டோஸ் டேப்லெட்டில் லினக்ஸ் போடுவது எப்படி

எந்த டேப்லெட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014, 2015 வாக்கில் விண்டோஸ் 8.1 அல்லது 10 போட்டு மலிவாக விற்ற 8 அங்குல, 10 அங்குல டேப்லெட்டுகள். உள்ளே இன்டெல் ஆட்டம் சிப், பெரும்பாலும் இசட்3735எஃப், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தச் சிப்பில் முறைப்படி ஏறாது, அதனால் இவை அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன, இல்லாவிட்டால் பழைய சாமான் கடையில் அடிமாட்டு விலைக்குப் போகின்றன.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இவற்றை ஏன் மெனக்கெட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டால், ரங்கூனில் (யாங்கோன்) இருப்பவருக்கு ஒரே பதில்தான்: கரண்ட். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் வாங்கி வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிடும். இந்த டேப்லெட்டுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் சார்ஜ் ஆகிறவை. பவர் பேங்க் போதும், வீட்டில் 12 வோல்ட் பேட்டரி வைத்திருந்தால் கார் சார்ஜர் முனை போதும், சின்ன சோலார் தகடு இருந்தாலும் நடக்கும். சிப் தின்னும் மின்சாரமும் ஒரு சில வாட்தான். பிள்ளைகள் படிக்க, கடைக் கணக்கு எழுத, தமிழிலும் பர்மியிலும் நாலு பக்கம் தட்டச்சு செய்ய இது தாராளமாகப் போதும். யூடியூபில் பெரிய அளவில் வீடியோ பார்க்க வேண்டும் என்றால் இந்த வேலையே வேண்டாம், போனில் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் வேறு கதை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப், இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும், மாடலுக்கு மாடல் வழி மாறும். அதற்குப் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற திட்டம் இருக்கிறது; உங்கள் மாடல் அவர்கள் பட்டியலில் இருந்தால் முயலலாம், இல்லையென்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம். கீழே வருவது இன்டெல் டேப்லெட்டுக்கு மட்டும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். முதுகு மூடி உப்பியிருக்கிறதா, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படி இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அடுத்தது, சார்ஜ் போட தனி ஓட்டை இருக்கிறதா, அல்லது மைக்ரோ யுஎஸ்பி ஒன்றுதான் எல்லாவற்றுக்குமா? தனி ஓட்டை உள்ளதையே எடுங்கள். ஒரே ஓட்டை உள்ள பல டேப்லெட்டுகளில் ஓடிஜி கேபிள் (பென்டிரைவ், கீபோர்டு சொருக உதவும் கேபிள்) மாட்டியிருக்கும்போது சார்ஜ் ஏறாது, பேட்டரியை நம்பியே நிறுவலை முடிக்க வேண்டியிருக்கும்.

விண்டோஸை உடனே அழிக்காதீர்கள்

அவசரப்பட்டு அழித்துவிட்டு, அப்புறம் தொடுதிரை வேலை செய்யவில்லை, வைஃபை வரவில்லை என்று தவிப்பவர்கள்தான் அதிகம். அந்த வன்பொருளுக்கு வேண்டிய சில கோப்புகள் அந்த விண்டோஸுக்குள்ளேதான் இருக்கின்றன. சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ் என்றும் டிரைவர்ஸ்டோர் என்றும் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும், இரண்டையும் முழுசாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். எது தேவைப்படும் என்று இப்போது யோசிக்க வேண்டாம், எல்லாவற்றையும் எடுங்கள்.

அப்படியே டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைஃபை சிப்பின் பெயரையும் தொடுதிரையின் வன்பொருள் அடையாளத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வைஃபை பெரும்பாலும் ரியல்டெக் 8723பிஎஸ் ஆகவோ பிராட்காம் ஆகவோ இருக்கும். தொடுதிரையில் எம்எஸ்எஸ்எல்1680 என்று கண்டால் அது சைலீட் வகை, கொஞ்சம் படுத்தும். ஜிடிஐஎக்ஸ் என்று தொடங்கினால் கூடிக்ஸ், பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: சிஸ்டம் பற்றிய பக்கத்தில் '32-பிட் இயங்குதளம், எக்ஸ்64 பிராசசர்' என்று இருக்கிறதா பாருங்கள். இந்த டேப்லெட்டுகளின் பெரிய கோளாறே இங்கேதான். சிப் 64 பிட், ஆனால் டேப்லெட்டைப் போட்டதும் முதலில் ஓடி இயங்குதளத்தை எழுப்பிவிடும் யுஇஎஃப்ஐ என்ற மென்பொருள் 32 பிட். அதனால் சாதாரண லினக்ஸ் பென்டிரைவைச் சொருகினால் அப்படி ஒன்று இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது, டேப்லெட் கெட்டுவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். இரண்டும் கெடவில்லை. 32 பிட் யுஇஎஃப்ஐக்குப் புரியும் பூட் கோப்பு அதில் இல்லை, அவ்வளவுதான்.

எந்த லினக்ஸ், எப்படி இறக்குவது

லினக்ஸில் பல வகை உண்டு, நான் சொல்வது டெபியன். 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபை முதலியவற்றை இயக்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகளை நிறுவல் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள், இது பெரிய நிம்மதி. இப்போது உள்ள 13, 2025 ஆகஸ்டில் வந்தது. ஃபெடோரா என்ற இன்னொரு வகையும் நல்லதுதான், 32 பிட் யுஇஎஃப்ஐயை 2017-லிருந்தே தாங்குகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு என்று டேட்டாவை விழுங்கும், இங்கே அது கட்டாது.

டெபியனில் நெட்இன்ஸ்டால் என்ற சின்னக் கோப்பும் இருக்கிறது, முதல் டிவிடி என்ற பெரிய கோப்பும் இருக்கிறது. சின்னதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது நிறுவும் நேரத்தில் மிச்சத்தை இணையத்திலிருந்து இழுக்கும், நடுவில் இணையமோ கரண்டோ போனால் அரைகுறையாக நிற்கும். முதல் டிவிடியை இறக்கினால் டெஸ்க்டாப் வரை எல்லாம் உள்ளேயே இருக்கும். இணையம் ஓரளவு ஓடும் இடத்தில், நண்பர் அலுவலகத்திலோ எங்கேயோ, ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் பெகுவிலும் மோல்மேனிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுக்கலாம். இறக்கியதும் செக்சம் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) சரிபார்த்துவிடுங்கள். விட்டு விட்டு வரும் இணைப்பில் இறங்கிய கோப்பு ஓரத்தில் கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது.

8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் நிரல் மூலம் எழுதுங்கள், கேட்கும்போது கோப்பை அப்படியே நகலெடுக்கும் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். எழுதி முடித்தபின் பென்டிரைவைத் திறந்து ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். 'பூட் ஐஏ32' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் 32 பிட் யுஇஎஃப்ஐயில் எழும்பும். 'பூட் எக்ஸ்64' மட்டும் இருந்தால் எழும்பாது. எந்த லினக்ஸ் போட்டாலும் இந்தச் சோதனை செல்லும், ஒரு நிமிட வேலை.

கையில் இருக்க வேண்டியவை: ஓடிஜி கேபிள், யுஎஸ்பி ஹப், வயருள்ள கீபோர்டு, முடிந்தால் மவுஸ். ஹப்புக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள், டேப்லெட் பேட்டரியை உறிஞ்சாது. பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

நிறுவுதல்

விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீல மெனு வரும், அதில் யுஇஎஃப்ஐ அமைப்புக்குப் போகும் வழி இருக்கும். கீபோர்டு இருந்தால் எழும்பும்போது எஸ்கேப், எஃப்2, டெலிட் இவற்றில் ஒன்றைத் தட்டிப் பார்க்கலாம். உள்ளே போய் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை அணையுங்கள், பென்டிரைவை வரிசையில் முதலாவதாக வையுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அந்த மெனுவில் நூறு விஷயம் திறந்து கிடக்கும், சிலவற்றை மாற்றினால் டேப்லெட் மறுபடி எழுந்திருக்காது.

8 அங்குல டேப்லெட்டில் நிறுவல் திரை பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வரலாம். திரையின் பலகை உண்மையில் நின்றவாக்கில் செய்தது, அதனால்தான். டேப்லெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள், பிறகு சரிசெய்யலாம்.

டெபியனைத் தமிழிலேயே நிறுவலாம். ஆனாலும் ஆங்கிலத்தில் நிறுவச் சொல்வேன், ஏதாவது பிழைச் செய்தி வந்தால் தேடிப் பிடிக்க அதுதான் எளிது. கீபோர்டு அமெரிக்க ஆங்கிலம், இடம் மியன்மார். நேரம் யாங்கோன் என்று அமைந்துவிடும். நம் ஊருக்கு ஆறரை மணி நேரக் கணக்கு, கையால் மாற்றப் போய் அந்த அரை மணியை விட்டுவிடாதீர்கள். ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் இடத்தில் எதுவும் எழுதாமல் விட்டால் உங்கள் பயனர் கணக்குக்கே சுடோ என்ற நிர்வாக உரிமை வந்துவிடும், வீட்டு உபயோகத்துக்கு அதுவே வசதி.

டிஸ்க் தேர்வில் மட்டும் நிதானம். சுமார் 31 ஜிபி என்று காட்டுவது உள்ளே இருக்கும் சேமிப்பு, மற்றது பென்டிரைவ். பூட்0, பூட்1 என்று முடியும் சின்னத் துண்டுகள் தெரிந்தால் அவற்றின் பக்கமே போகாதீர்கள். எழும்புவதற்கு வேண்டிய சின்ன ஈஎஃப்ஐ பிரிவு போக மிச்ச டிஸ்க் முழுவதையும் ஒரே பிரிவாகக் கொடுங்கள், ஸ்வாப் பிரிவு (ராம் போதாதபோது உதவும் சேமிப்பிடம்) வேண்டாம். யுஇஎஃப்ஐ 32 பிட் என்று கண்டால் அதற்குரிய கிரப்பை (லினக்ஸை எழுப்பிவிடும் நிரல்) டெபியனின் நிறுவல் நிரலே போட்டுக்கொள்ளும். முடிந்தபின் டேப்லெட் டெபியனைக் காணாதது போல நடித்தால், கிரப்பை 'நீக்கக்கூடிய ஊடகப் பாதை'யிலும் சேர்த்து நிறுவச் சொல்லும் விருப்பம் இருக்கிறது, அதைப் போட்டால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

டெஸ்க்டாப், அதாவது திரைத் தோற்றமும் மெனுக்களும், லினக்ஸில் பல உண்டு; எதைப் போடுவது? 4 ஜிபி ராம் என்றால் க்னோம், தொடுதிரைக்கு அதைவிட நல்லது இல்லை, டேப்லெட்டைத் திருப்பினால் திரையும் தானாகத் திரும்பும். 2 ஜிபியில் க்னோம் ஓடும், ஆனால் பிரவுசரைத் திறந்ததும் மூச்சு வாங்கும். கீபோர்டோடுதான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப். விரலால் மட்டும் என்றால் ஃபோஷ் என்ற ஒன்று டெபியனிலேயே இருக்கிறது, போனுக்காகச் செய்தது, பட்டன்கள் பெரிதாக இருக்கும், பின்னால் இணையம் வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

எது வேலை செய்யாது, என்ன செய்வது

வைஃபை வரவில்லையா? பதறாதீர்கள், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங்கை (போனின் இணையத்தைப் பகிரும் வசதி) போட்டால் லினக்ஸ் அதை வயர் இணைப்பு போல எடுத்துக்கொள்ளும். ரியல்டெக்குக்கு டெபியனில் கிடைக்கும் ஃபர்ம்வேர் பொதியை (மென்பொருள் தொகுப்பு) போட்டால் போதும். பிராட்காமுக்கு என்விராம் என்ற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்றும் வேண்டும். முதலில் நகலெடுத்து வைத்த டிரைவர் ஃபோல்டரில் அது இருக்கும், ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குள் சரியான பெயரில் வைத்தால் வேலை முடிந்தது. பெயர் என்ன என்பதை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிவிலேயே, 'இந்தக் கோப்பு கிடைக்கவில்லை' என்ற வரியில் பார்க்கலாம்.

சைலீட் தொடுதிரையும் அதே மாதிரிதான், ஃபர்ம்வேர் இல்லாமல் அசையாது. ரெட் ஹாட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் டி கூடே என்பவர் இந்த மலிவு டேப்லெட்டுகளுக்காக ஒவ்வொரு மாடலாக விவரம் சேர்த்துக் கர்னலில் போட்டுவைத்திருக்கிறார், உங்கள் மாடல் அதில் இருந்தால் அதிர்ஷ்டம். சில மாடல்களில் அந்த ஃபர்ம்வேர் யுஇஎஃப்ஐக்குள்ளேயே ஒளிந்திருக்கும், 5.8-க்குப் பிந்திய கர்னல் அதைத் தானே தோண்டி எடுத்துக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால் மறுபடியும் அந்த விண்டோஸ் ஃபோல்டர்தான் கதி.

சும்மா இருக்கும்போது டேப்லெட் திடீரென்று உறைந்து போனால், அது இந்தச் சிப் வகையின் பழைய நோய். புதுக் கர்னலில் பெரிதும் குறைந்துவிட்டது. அப்படியும் வந்தால் 'இன்டெல் ஐடில் மேக்ஸ் சி-ஸ்டேட்' என்ற அளவை கிரப் அமைப்பில் 1 என்று வையுங்கள், உறைவது நிற்கும், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். சத்தம் வரவில்லை என்றால் இன்டெல் சவுண்ட் ஃபர்ம்வேர் பொதி. கேமராவை மறந்துவிடுங்கள்.

2 ஜிபிக்காரர்கள் ஜிராம் என்ற வசதியைக் கட்டாயம் போடுங்கள். ராமின் ஒரு பகுதியைச் சுருக்கிச் சுருக்கி ஸ்வாப்பாக வைத்துக்கொள்ளும், சேமிப்புச் சிப்பும் தேயாது. ஜிராம்-டூல்ஸ் பொதியைப் போட்டு ராமில் பாதி என்று கொடுத்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத் தடுப்பு ஒன்று சேர்த்தால் வேகமும் கூடும், டேட்டாவும் மிச்சம்.

தமிழும் பர்மியும்

தமிழுக்கு லோஹித், நோட்டோ எழுத்துருக்கள் பொதியாகவே கிடைக்கும். பர்மிக்கு படௌக் அல்லது நோட்டோ மியன்மார். இங்கே ஒன்று கவனம்: பழைய பழக்கத்தில் ஸோஜி எழுத்துருவைக் கொண்டுவந்து போடாதீர்கள். 2019 அக்டோபர் 1-லிருந்து நாடே யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஸோஜியும் யூனிகோடும் ஒரே குறியெண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன, ஸோஜி உள்ளே இருந்தால் நல்ல பர்மியும் சிதைந்து தெரியலாம். பழைய ஸோஜி கோப்புகள் இருந்தால் மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஒரு தடவை மாற்றி வைத்துவிடுங்கள்.

கீபோர்டு அமைப்பில் உள்ளீட்டு மூலங்களுக்குப் போய்த் தமிழ்99 (தமிழ் எழுத்துகளை நேரடியாக அடிக்கும் விசை அமைப்பு), பர்மி இரண்டையும் சேருங்கள். க்னோமில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவி இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் தமிழ்99-தான் சொல்வேன், கோயில் தமிழ் வகுப்பில் உயிர், மெய் படித்த கையோடு விசைகளும் பிடிபட்டுவிடும். எக்ஸ்எஃப்சிஇ வைத்திருந்தால் ஆன்போர்டு என்ற திரைக் கீபோர்டு, எந்த மொழி போட்டிருக்கிறீர்களோ அந்த எழுத்துகளையே விசைகளில் காட்டும்.

இணையம் இல்லாத நேரத்துக்குக் கிவிக்ஸ் என்ற, இணையமின்றி விக்கிப்பீடியா படிக்க உதவும் செயலியைப் போட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுசாக இறக்கி மெமரி கார்டில் வையுங்கள். உள்சேமிப்பை இதற்குச் செலவழிக்க வேண்டாம், டேப்லெட்டில் கார்டு ஓட்டை பெரும்பாலும் இருக்கும்.

புதுப்பிப்புகளை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், ஆனால் கர்னல் புதுப்பிப்பு வரும்போது பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், பவர் பேங்கும் பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் அணைந்தால் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பி, மறுபடியும் புதுப்பிப்பை ஓட்டுங்கள்.