எடை குறைய, ராத்திரிச் சாப்பாட்டை மாலையிலேயே கவனியுங்கள்

ஏழு மணிக்கு மேல் சாப்பிட்டால் அத்தனையும் கொழுப்பாகிவிடும் என்பது பாதிதான் உண்மை. 2022-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே அளவு கலோரியை நான்கு வாரம் காலையில் அதிகமாகவும், இன்னொரு நான்கு வாரம் இரவில் அதிகமாகவும் கொடுத்தார்கள். எடை குறைந்ததில் வித்தியாசமே இல்லை. ஆனால் காலையில் நன்றாகச் சாப்பிட்ட வாரங்களில் பசி குறைவாக இருந்தது. அதே ஆண்டு பாஸ்டனில் 16 பேருக்கு ஒரே சாப்பாட்டை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தபோது பசி கூடியது, உடல் செலவழிக்கும் சக்தியும் நாளுக்கு ஏறத்தாழ 60 கலோரி குறைந்தது.

அறுபது கலோரி என்பது வெறும் ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய்தான். உண்மையான இடைஞ்சல் பசிதான். நேரம் கழித்துச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் அதிகமாகச் சாப்பிடுகிறார்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், மாலை 5 மணிக்குப் பிறகு வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். டிவி முன்னால் கொறித்த மிக்சர், பிள்ளைகள் மிச்சம் வைத்த அரைத் தோசை, 'வீணாகுதே' என்று வழித்துச் சாப்பிட்ட சோறு எல்லாம் கணக்கில் வரவேண்டும். 50 கிராம் மிக்சரில் 250 கலோரிக்கு மேல் இருக்கும். எழுதியதைப் பார்த்தால், பலருக்குச் சிக்கல் சாப்பாட்டில் இருக்காது, அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கும்.

அடுத்து மாலைப் பசி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு இரவு ஒன்பதரை வரை வெறும் டீயில் ஓட்டினால், தட்டின் முன் உட்காரும்போது யாருக்கும் கட்டுப்பாடு இருக்காது. 5 மணி வாக்கில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுங்கள். உலர்ந்த கொண்டைக்கடலை 30 கிராம் ஊறவைத்து வேகவைத்தால் போதும், 110 கலோரிதான். தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு மேல் வேண்டாம். அவித்த முட்டையும் சரி. பிஸ்கட் மட்டும் தின்றால் ஏழு மணிக்கே மறுபடி பசிக்கும்.

இரவு உணவைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னால் முடிப்பது நல்லது. நெஞ்செரிச்சலும் குறையும். இப்போது பத்து மணிக்குச் சாப்பிடுகிறவர் நாளைக்கே ஏழுக்கு மாற்றாதீர்கள்; பதினோரு மணிக்கு மறுபடி அடுப்படிக்குப் போவீர்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்தினால் நிலைக்கும். வேலை முடிந்து வீடு சேரவே பத்தாகிறதா? சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள்: ஏழு மணிக்கு வேலையிடத்திலேயே இரண்டு சப்பாத்தி, பருப்புக் கூட்டு, வீட்டுக்கு வந்ததும் ரசமோ மோரோ ஒரு டம்ளர், கொஞ்சம் காய்.

தட்டில் என்ன வைப்பது? சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும் என்பது நம் வீடுகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. 150 கிராம் சோறு சுமார் 195 கலோரி. தலா 30 கிராம் மாவில் செய்த இரண்டு சப்பாத்தியும், எண்ணெய் தடவாமலேயே, ஏறக்குறைய அவ்வளவுதான். பருப்பும் காயும் கூடவே இருந்தால் எதுவும் சரி.

எண்ணெயில்தான் ஏமாறுகிறோம். சின்ன இட்லி நான்கு சுமார் 210 கலோரி. பொடி குழைக்க ஊற்றும் இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் 240! இட்லியைக் குறைத்துவிட்டுக் குழி நிறைய எண்ணெய் விட்டால் பயனில்லை. தோசையில் இன்னொரு பொறி: கல்லிலிருந்து சுடச்சுட ஒவ்வொன்றாக வரும்போது எண்ணிக்கை தெரியாது. மூன்று சுட்டு, தட்டில் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். காய் நிறையப் போட்ட சாம்பாரை ஒரு கிண்ணம் முதலில் காலி செய்துவிட்டுத் தோசையைத் தொட்டால் மூன்றிலேயே வயிறு நிறையும். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் சுமார் 700 கலோரி. அதை வாரத்தில் ஒரு நாள் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சாப்பிட்ட கையோடு பல் துலக்குங்கள். பல் துலக்கிய பிறகு மிக்சர் டப்பாவைத் திறக்க மனம் வராது. பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் குறையும். இரவில் இன்சுலின் மந்தமாகச் சுரப்பதால் இது வீண் நடையல்ல.

ராத்திரி பட்டினி மட்டும் வேண்டாம். பழம் மட்டும் தின்று படுப்பவர்கள் நடுராத்திரி விழித்துச் சர்க்கரை போட்ட பாலும் பிஸ்கட்டும் தேடுவார்கள், தூக்கமும் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரவு உணவை விடவோ குறைக்கவோ கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை தூக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட்டால்தான் மறுபடி தூங்க முடிகிறது என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

நேற்று இரவு கல்யாண விருந்து, இன்று காலை எடை ஒரு கிலோ கூடியிருக்கிறதா? அது உப்பு பிடித்து வைத்த நீரும் குடலில் இருக்கும் உணவும். ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி மிகுதியாக வேண்டும், ஒரு பந்தியில் அது நடக்காது. வாரம் ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் எடை பாருங்கள். நான்கு வாரம் கழித்தும் முள் அசையவில்லை என்றால் இட்லி எண்ணிக்கையில் கை வைப்பதற்கு முன், வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று பாருங்கள்.